வேடந்தாங்கலும் வீரநிர்வாணமும்



மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. அது கண்ணால் காண்பதன்று. உள்ள பொருளை உள்ளவாறு நம்பித் தெளிவது என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் கண்ணெதிரே இருப்பதையே பொறுமையுடன் காணப் பழகாதவர், கருத்தால் காண்பது எங்ஙனம்? இவ்வெண்ணத்துடன், மாசி மாதக் கடைசி ஞாயிறன்று, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்கள் மூன்றைச் சேர்ந்த நம் குடும்பத்தார் சிலர், பறவை நோக்கும் அன்பர் குழு ஒன்றுடன் சேர்ந்து வேடந்தாங்கல் சென்று வந்தோம். பனி விலகி இளவேனில் நெருங்கும் பருவம். ஏரியில் நீர் குறைந்திருந்தது. குஞ்சுகள் பலவும் சிறகு முற்றிப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன.

குழுவின் தலைவர் கரைமீது ஏறுமுன் சில விதிகளைக் கூறினார். பளிச்சென்ற நிறத்து ஆடை கூடாது, மெல்ல நடத்தல் வேண்டும், உரக்கப் பேசலாகாது, கல் எறிதல், கை தட்டுதல் அறவே கூடாது. கேட்டுக்கொண்டிருந்த நமக்கு வியப்பு உண்டாயிற்று. பார்த்து நடத்தல் ஈரியா சமிதி. அளந்து பேசுதல் பாஷா சமிதி. முனிவர்க்கு உரைக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் இரண்டை, நம் சமயம் சாராத ஓர் அன்பர் பறவைகளின் பொருட்டு நமக்கு எடுத்துரைத்தார். வீட்டில் ஒரு நாழிகை வாய் மூடாத பிள்ளைகள், அங்கே இரண்டு மணி நேரம் கிசுகிசுப்பிலேயே பேசினர். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்த நமக்கு அதுவே ஒரு விந்தை!

நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்களும், சாம்பல் நாரைகளும், கரண்டிவாயன்களும், நீர்க்காகங்களும் அடுக்கடுக்காய் அமர்ந்திருந்தன. பிள்ளைகளின் கண்ணைப் பெரிதும் கவர்ந்தது நத்தைகுத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்துவதில்லை. இடையே ஓர் இடைவெளி உண்டு. நத்தையைப் பற்றி, ஓட்டினுள் இருக்கும் ஊனை வெளியே எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. தொலைநோக்கி வழியே அதனைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "பாட்டி, நத்தை ஈரறிவுயிர் என்று சொல்லிக் கொடுத்தீர்களே! அதைக் கொல்லும் பறவைக்குப் பாவம் இல்லையா? அதைப் பார்த்து நாம் மகிழலாமா?" என்று வினவினாள்.

இவ்வினாவை மழுப்புதல் தகாது. "அது இயற்கை" என்று கூறி நகர்ந்துவிடுவது பிறர்க்கு எளிது. வினைக்கொள்கை உடைய நமக்கு அவ்வாறு கூற இயலாது. பறவையும் ஓர் உயிர். அதுவும் வினை கட்டுகிறது. விலங்குகதியின் துன்பமே அதுதான். ஆனால் அவ்வுயிர்க்கு வாயில் அடைபட்டு விடவில்லை. மனம் உடைய ஐயறிவு விலங்கு நற்காட்சி பெறவும், அணுவிரதம் ஏற்கவும் கூடும் என்பது நம் ஆகமக் கொள்கை. சமவசரணத்தின் பன்னிரண்டு சபைகளுள் ஒன்று விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியது அன்றோ? வர்த்தமான மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தார். மானைக் கொன்று தின்றுகொண்டிருந்த அச்சிங்கத்தின்முன் சாரண முனிவர் இருவர் வானினின்று இறங்கி அறம் உரைத்தனர். சிங்கம் கண்ணீர் உகுத்து, ஊனை விட்டு, நோன்பிருந்து உயிர் நீத்தது. அந்த உயிரே பின்னர்த் தீர்த்தங்கரர் ஆயிற்று. ஆதலின், நத்தை உண்ணும் நாரையை வெறுக்கவும் வேண்டா. அதன் கொலையை மெச்சவும் வேண்டா. அதன் உள்ளே இருக்கும் உயிரை நோக்குக என்றோம். சிறுமி சற்று நேரம் பேசாதிருந்து, பின் மீண்டும் தொலைநோக்கியில் கண் வைத்தாள்.

இங்கே இன்னொரு சிறு செய்தி. "பறவைகூட இரவில் உண்பதில்லை, நீ உண்ணலாமா?" என்று நம் முதியோர் பிள்ளைகளிடம் கூறுவது வழக்கம். வக்கா என்னும் பறவையோ அந்தி சாயும்போதுதான் இரை தேடப் புறப்படும் என்று குழுவினர் கூறவே, சிறுவர் இருவர் குறும்பாக நம்மை நோக்கினர். நல்லதாயிற்று. இரவுண்ணாமை பறவையின் வழக்கத்தைப் பார்த்து ஏற்பட்டதன்று. இருளில் நம் உணவில் விழும் சிற்றுயிர்களைக் காண இயலாமையால் ஏற்பட்டது. காரணத்தைச் சரியாகக் கூறினால் பிள்ளைகள் ஏற்பர். அன்று பொழுது சாயுமுன்னரே கட்டுச்சோற்றை உண்டு முடித்தோம்.

இனி, நம் உள்ளத்தை உறுத்திய செய்திக்கு வருவோம். வேடந்தாங்கல் என்னும் பெயருக்கு வேடர் தாங்கல், அதாவது வேடர்களின் சிற்றேரி என்று பொருள் கூறுவர். வேட்டைக்குப் பெயர் பெற்ற நீர்நிலை எவ்வாறு புகலிடம் ஆயிற்று? வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறாத ஊரார், அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளுக்குக் காப்பளிக்கும் கவுல் பத்திரம் ஒன்றை 1798ஆம் ஆண்டில் பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2022ஆம் ஆண்டு ராம்சர் நிலம் என்னும் உலகச் சிறப்பைப் பெற்றது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களின் வயலுக்கு உரமாகிறது என்பது உண்மையே. அந்தப் பயன் ஒன்றுக்காகவே காத்தனர் என்று குறைத்துப் பேசுவோர் உளர். நாம் அவ்வாறு பேசோம். ஏனெனில், தீபாவளி நாளில் பறவைகள் அஞ்சும் என்று அவ்வூரார் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இவ்வழக்கம் உண்டு. தம் பிள்ளைகளின் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை உயிர்களின் பொருட்டு விட்டுக்கொடுப்பது எளிய செயலா?

தீபாவளி நமக்கு யாது? பாவாபுரியில் ஐப்பசி அமாவாசை வைகறையில் பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த நாள். அங்கே அவர்தம் திருவுடலுக்கு எரியூட்டிய இடத்து மண்ணை மக்கள் அள்ளி அள்ளிச் செல்ல, அது தாமரைத் தடாகம் ஆயிற்று என்பது மரபு. அந்நீரின் நடுவேதான் இன்றும் ஜலமந்திர் விளங்குகிறது. அந்த ஞானவொளி மறைந்த நாளில் விளக்கேற்றுவதே நம் முறை. நம் தெருக்களிலோ, ஜினாலயத்தில் நிர்வாண பூசை முடிந்த கையோடு வெடி முழங்குகிறது. அதே ஐப்பசியில்தான் பருவமழையை ஒட்டி வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. நம் ஊர் ஏரிகளிலும், ஆலயத்து வேம்பிலும், கூரை இறவாணத்திலும் உயிர்கள் இல்லாமல் இல்லை. சமண ஊரல்லாத ஓர் ஊர் அடங்கியிருக்க, நம் ஊர் வெடிக்கிறது.

திரும்பும் வழியில் வண்டியில் இதனையே பேசிக்கொண்டு வந்தோம். "ஆண்டுக்கு ஒரு நாள், பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள்" என்றார் பெரியவர் ஒருவர். அவர் கூற்றிலும் பொருள் உண்டு. "எனக்கு மத்தாப்பு மட்டும் போதும் தாத்தா" என்றான் அவர்தம் பேரனே. மறுவாரம் இரண்டு ஊர்களில் ஆலயத்தில் கூடி, வரும் வீரநிர்வாண நாளில் வெடி தவிர்ப்பதென்றும், அகல் விளக்குகளைப் பிள்ளைகளே ஏற்றுவதென்றும் முடிவு செய்துள்ளனர். மூன்றாம் ஊரில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.