கதவு குடித்த தண்ணீர்

ஐப்பசி அடைமழை பிடித்தால் எங்கள் வீட்டுப் பழைய மரக்கதவு உப்பிக்கொள்ளும். நாதாங்கி கொண்டியில் விழாது. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒரு வீட்டைப் பூட்ட முடியவில்லையே என்று பூட்டைத்தான் திட்டுவோம். ஒருமுறை அதைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் சாவியைப் போட்டு இரண்டு தடவை திருப்பினார். "பூட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. கதவு தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

காற்று மாசை அளக்கும் சென்சார்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

ஜப்பானின் நவோயோஷி தாகுச்சி 1960களில் உருவாக்கிய சென்சாரின் உயிர், சூடேற்றிய வெள்ளீய ஆக்சைடு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டால் எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடுகிறோம். சிக்கல் என்னவென்றால், நீராவியும் அதே பரப்பில் வந்து ஒட்டுகிறது, அதே மின்தடையைக் குறைக்கிறது. வந்தது புகையா, ஈரமா என்று சென்சாருக்குத் தெரியாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் அதன்மேல் இரக்கமே வரும். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறக்குறைய மூன்று கோடி தண்ணீர் மூலக்கூறுகள். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு நம் நாடு 2009இல் வகுத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். அதே நூறு கோடியில் அது சுமார் 42 மூலக்கூறுதான். மூன்று கோடிப் பேர் கதவைத் தட்டும்போது அந்த நாற்பத்திரண்டு பேரின் தட்டலைக் காதில் வாங்க வேண்டும்.

திண்டுக்கல்லில் மூடாப்புப் போட்ட காலைகள் உண்டு. சிறுமலை முகம் காட்டாது, காற்று அசையாது, தோல் பதனிடும் ஷாப்களின் வாடை ஊருக்குள்ளேயே தங்கி நிற்கும். அன்று கருவி கூடுதலாகக் காட்டினால் அதில் வாடை எவ்வளவு, ஈரம் எவ்வளவு? இரண்டுமே இருக்கும். அப்படியே நம்பினால் மழையைக் குற்றவாளியாக்குவோம். மழைதான் காரணம் என்று தள்ளிவிட்டால் நிஜமான நஞ்சைத் தப்பவிடுவோம்.

அப்படியானால் ஈரமே படாமல் வைத்துவிடலாமா? இன்னொரு வகைச் சென்சார் அதற்கும் பதில் சொல்கிறது. அதன் உள்ளே அமிலக் கரைசல் இருக்கிறது. மழைக்காலத்தில் அது காற்றின் நீரைக் குடிக்கும். சித்திரை வெயிலில் நெடுநாள் காய்ந்தால் உணர்வு மங்கிப்போகும். முற்றிலும் காய்ந்தது எதையும் அறியாது.

வழி எளிமையானது. வாயுச் சென்சாருக்குப் பக்கத்திலேயே ஈரமானி ஒன்றை வைக்கிறார்கள். காற்றின் ஈரம் இவ்வளவு என்று அது சொல்லும். அந்த அளவுக்குக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். ஈரமானியின் கதையும் அழகானது. 1783இல் சொசூர் என்ற ஜெனீவா அறிஞர், ஈரத்தில் தலைமுடி நீள்வதைக் கொண்டே ஈரத்தை அளந்தார். எங்கள் கதவு உப்புகிற அதே குணம்தான்; அவர் கையில் அது அளவுகோலாகிவிட்டது.

மனிதரை எடைபோடும் மனசுக்கும் இது பொருந்தும். பசியோடு இருக்கையில் மகன் சொன்ன சொல் சுடுகிறது. பழைய கோபம் ஊறிக் கிடக்கையில் பக்கத்து வீட்டுச் சிரிப்புகூட ஏளனமாகப் படுகிறது. காய்ந்த நெஞ்சால் நியாயம் பார்க்க முடியாது; நெஞ்சில் ஈரம் வேண்டும் என்றுதான் நம் பேச்சுவழக்கும் கேட்கிறது. கூடவே அந்த ஈரம் இன்றைக்கு எவ்வளவு என்ற கணக்கும் கையில் வேண்டும். தன்னை அளந்துகொண்ட பிறகுதான் பிறரை அளக்க முடியும்.

இப்போதெல்லாம் கதவு சாத்த மறுத்தால் பூட்டைத் திட்டுவதில்லை. முதலில் மரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.