டேப்பட் சத்தம்

கார் எஞ்சினில் வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கர் ஆர்முக்கும் நடுவே மயிரிழையாக ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். இடைவெளி கூடினால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு எரிந்துபோகும். இதில் எனக்குப் பிடித்த சிக்கல் என்னவென்றால், வண்டிக்காரர் கையில் இருக்கும் ஒரே கருவி அவருடைய காது. அது அபாயம் குறைந்த பக்கத்தை மட்டும்தான் கேட்கும்.

அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு காரிலிருந்து வந்தது. 2014 வரை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரானது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள். கீழே கேம் ஷாஃப்ட் சுழலும்போது டேப்பட் எழும்பும். அது புஷ் ராடைத் தூக்கும். ராடு ராக்கர் ஆர்மின் ஒரு முனையை மேலே தள்ள, சீசா பலகை மாதிரி மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். டேப்பட் அடியில்தான் இருக்கிறது, திருகுவது என்னவோ மேலே உள்ள ராக்கரை. ஆனாலும் நம் ஊரில் இந்த வேலைக்குப் பெயர் டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்.

இடைவெளி எதற்கு? உலோகம் சூட்டில் நீளும். எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காயும். அந்தச் சூட்டை அது இறக்கி வைக்கிற முக்கியமான இடம் சிலிண்டர் ஹெட்டில் உள்ள இருக்கை, அதாவது வால்வ் சீட். மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சீட்டோடு ஒட்டி உட்கார்ந்து சூட்டைக் கொடுத்துவிட வேண்டும். இடைவெளி இல்லையென்றால் ராக்கர் வால்வை முழுதாக உட்கார விடாது. சந்து வழியே தீ பீறிடும், ஓரம் கருகும், கம்ப்ரஷன் போகும். (உறவுகளுக்கும் இடைவெளி வேண்டும் என்று எழுதக் கை அரிக்கிறது. எழுதப்போவதில்லை.)

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராக்கரும் கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தமும் கூடும். வால்வு தன் சீட்டை அடித்து அடித்து உள்ளே இறங்கினால் அதன் தண்டு மேலே ஏறி இடைவெளி குறையும், சத்தமும் குறையும். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் அந்த ஈயப் படிவு சீட்டுக்கு ஒரு மெத்தையாக இருந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளைக்குப் போகிற விஷத்தை எடுத்தார்கள், மிகச் சரியான காரியம். ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட் கொண்ட எஞ்சின்களுக்கு அந்த மெத்தையும் போயிற்று. ஆக, பழைய வண்டி ஒன்று வரவர அமைதியாகிறது என்றால் சந்தோஷப்படும் முன் மேல் கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வேலை என்னவோ எளிமையானது. இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். எந்த வால்வைச் சரிசெய்ய வேண்டுமோ அதன் எண்ணை 9-லிருந்து கழித்து, வருகிற எண்ணுள்ள வால்வு முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினைச் சுற்ற வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதைத் தொடலாம், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. முதல்முறை கேட்டபோது நல்ல நிரல் ஒன்றைப் படித்த சந்தோஷம் எனக்கு. பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜைச் சொருகி, ஸ்க்ரூவைத் திருகி, தகடு பிடித்தும் பிடிக்காமலும் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ‘பிடித்தும் பிடிக்காமலும்’ கையில்தான் இருக்கிறது.

மதுரையில் ஒரு ஷெட்டில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டையும் அளவாக வைத்து ஸ்டார்ட் செய்த பிறகும் சத்தம் போகவில்லை. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். முகம் சுருங்கிவிட்டது.

“என்னப்பா, அப்படியேதான அடிக்கிது?”

“கேஜ் சரியாத்தான் சார் இருக்கு. ராக்கர் பேடு குழி விழுந்திருக்கு. மாத்தணும்.”

“அதெல்லாம் இப்ப வேணாம். சத்தத்த மட்டும் அமுக்கிக் குடு.”

குழி என்று மெக்கானிக் சொன்னது நிஜமான தொல்லை. ராக்கரின் முனையில் வால்வுத் தண்டின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் தகடு பள்ளத்துக்குள் இறங்காது, இரண்டு விளிம்பிலும் பாலம் போல நிற்கும். தகடு 0.38 காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட இருக்கும். கருவி பொய் சொல்கிறது, காதுதான் சரி. இப்போது மெக்கானிக் இன்னும் கால் திருகு இறுக்கினால் அது தவறா? டயல் கேஜ் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தையும் கணக்கில் சேர்த்து இறுக்கினால் அது சரியான வேலை. சத்தம் நிற்கும்வரை காதை வைத்து இறுக்கினால் அது சூதாட்டம். அதே கை, அதே ஸ்பேனர், ஒருவேளை அதே கால் திருகு. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், திருகுகிறவனுக்கு என்ன தெரியும், தெரியாததைத் தெரிந்துகொள்ள அவன் மெனக்கெட்டானா என்பதில் மட்டுமே இருக்கிறது.

நான் பிழைக்கும் மென்பொருள் துறையிலும் இந்தக் கால் திருகு உண்டு. நள்ளிரவில் அலர்ட் அடிக்கும். எச்சரிக்கை வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் அடிக்காது. பல நேரம் அதுதான் சரி, ஏனென்றால் வரம்பே தப்பாக வைத்திருப்பார்கள். சில நேரம் அது வால்வை எரிப்பது. அடுத்த நாள் மீட்டிங்கில் இரண்டும் ஒரே பச்சை நிறத்தில்தான் தெரியும். பாராட்டும் ஒரே மாதிரிதான் கிடைக்கும்.

அவர் வண்டி, அவர் காசு, அவர் காது, கேட்டதைச் செய்துகொடுத்தால் என்ன என்று ஒரு நண்பன் என்னிடம் வாதாடினான். பலவீனமான வாதம் இல்லை. பாதகத்தை விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர் சம்மதித்தால், அவருக்கு மேல் நாம் யார்? புகைபிடிப்பவர் கையிலிருந்து சிகரெட்டைப் பிடுங்குவதில்லையே. ஆனால் அந்தச் சம்மதத்துக்குள் எதையெல்லாம் அடக்கலாம் என்று பார்க்க வேண்டும். சத்தம் இன்றைக்கு நிற்கும். எரிந்த வால்வு சில மாதம் கழித்துத் தெரியவரும். அதற்குள் வேறு ஷெட், வேறு மெக்கானிக், ஓர் ஓவர்ஹீட்டிங், ஒரு மட்டமான பெட்ரோல் என்று பழி போட ஏகப்பட்ட ஆள் சேர்ந்திருக்கும். யார் தலையிலும் விழாத பழி என்று தெரிந்துகொண்டே ஒரு சம்மதத்தை வாங்குவது, என் கணக்கில், பாதிச் சம்மதம்தான்.

மதுரையில் அந்தப் பாதியும் அடிபட்டுப்போனது. மெக்கானிக் மறுபடி மறுபடி ராக்கரையே சொன்னதில் பெரியவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஞாயித்துக்கெழம வண்டி பாக்க ஆள் வருதுப்பா. அன்னைக்கி ஒருநா அமைதியா ஓடுனாப் போதும்.”

‘என் வண்டி’ என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. எரியப்போகிற வால்வு அவருடையது இல்லை. யாருடையதோ அந்த ஆள் ஷெட்டில் இல்லை, அவரிடம் யாரும் எதையும் விளக்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் பானட்டைத் திறந்து, காதைத்தான் கொடுத்துக் கேட்பார்.

மெக்கானிக் கையைத் துடைத்தார். “அளவுல வெச்சிருக்கேன் சார். இதுக்கு மேல நான் தொட மாட்டேன்” என்று மேல் கவரை மூடி, டேப்பட் வேலைக்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை அந்த டக் டக் கேட்டது. “நேரா எங்க போவார்னு தெரியும்” என்றார் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு ஷெட்டைச் சொல்லி. அங்கே இது பத்து நிமிட வேலை.