அன்பின் பெயரால் வற்புறுத்தல்

வேதகலாபனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன உரோமை அரங்கின் சிங்கங்களும், செபஸ்தியாரின் உடலைத் துளைத்த அம்புகளும், ஓரியூரின் செம்மண்ணும், காற்றாடி மலையில் தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டு வீழ்ந்த பாறையும்தான். துன்புற்றவர்களின் வரிசையில் நம்மை நிறுத்திப் பார்க்கவே ஞானோபதேச வகுப்புகளில் கற்றோம். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த வரலாற்றுக்கு மற்றொரு பக்கம் உண்டு. அதை நம் பகைவர்கள் நினைவூட்டும்போது மட்டுமே நாம் புரட்டிப் பார்க்கிறோம்; அப்போதும் அவசரமாக மூடிவிடுகிறோம்.

கி.பி. 303-இல் பேரரசன் டயோக்ளீசியன் ஆலயங்களை இடிக்கவும் திருநூல்களை எரிக்கவும் ஆணையிட்டான். பத்தாண்டு கழித்து 313-இல், கான்ஸ்டன்டைனும் லிசீனியுசும் மிலான் நகரில் கண்ட உடன்பாட்டால், கிறிஸ்தவர்களுக்கும் ஏனைய அனைவருக்கும் தாம் விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமை கிடைத்தது. 380-இல் தியோடோசியஸ், நிசேயா விசுவாசத்தையே தன் குடிமக்கள் அனைவரும் ஏற்கவேண்டும் என்றான். 385-ஆம் ஆண்டளவில், இன்று ஜெர்மனியில் உள்ள திரியர் நகரில், ஆவிலாவின் ஆயர் பிரிசில்லியன் சீடர்கள் சிலரோடு கொலைத்தண்டனை பெற்றார். சூனியம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கின் வேரோ அவர் போதித்ததாகச் சொல்லப்பட்ட தப்பறை. வழக்குத் தொடுத்தவர்கள் அஞ்ஞானிகள் அல்லர், சக ஆயர்கள். டயோக்ளீசியனின் வீரர்களுக்கு அஞ்சி அன்னை ஒளித்து வைத்த குழந்தை ஒன்று, தன் முதுமையில் இந்தச் செய்தியையும் கேட்டிருக்கக்கூடும். அவ்வளவு குறுகிய காலம்.

அதிகாரம் மனிதரைக் கெடுக்கும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அந்த விளக்கம் பிரிசில்லியன்மேல் வழக்காடிய ஆயர் இத்தாசியுசுக்குப் பொருந்தும். புனித அகுஸ்தீனாருக்குப் பொருந்தாது. நம்மைக் கலங்கச் செய்ய வேண்டியவர் அவர்தான்.

அவருடைய வட ஆப்பிரிக்காவில் திருச்சபை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவும் வேதகலாபனையில் பிறந்ததே. டயோக்ளீசியனுக்கு அஞ்சித் திருநூல்களைக் கையளித்தவர்கள் நிறைவேற்றிய அருட்சாதனங்கள் செல்லுமா என்ற கேள்வியில் பிரிந்து சென்றவர்கள் தொனாத்தியர். அகுஸ்தீனார் ஆயரானபோது அவருடைய ஹிப்போ நகரில் அவர்களே பெரும்பான்மையினர். அவர்களிடையே தடியேந்திய கும்பல்கள் இருந்தன. கத்தோலிக்கக் குருக்கள் தாக்கப்பட்டனர். அப்படியிருந்தும், எவரையும் கிறிஸ்துவின் ஒற்றுமைக்குள் வற்புறுத்திச் சேர்க்கக்கூடாது, வாதத்தால் மட்டுமே வெல்லவேண்டும் என்பதே தொடக்கத்தில் அவருடைய நிலை.

பின்னர் அந்த நிலை மாறியது. 408-ஐ ஒட்டி வின்சென்சியுஸ் என்ற ஆயருக்கு எழுதிய கடிதத்தில் அதன் காரணத்தை மறைக்காமல் கூறுகிறார். அவர் பிறந்த தகாஸ்தே ஒருகாலத்தில் முழுவதும் தொனாத்தியரின் ஊராக இருந்தது. பேரரசரின் சட்டங்களுக்கு அஞ்சி அது கத்தோலிக்கரின் ஊரானது. அஞ்சி வந்தவர்களுள் பலர் பின்பு அந்த அச்சத்துக்காகவே நன்றி கூறினர். கண்முன் கண்ட பலனுக்கு ஒரு நேர்மையான மனம் இணங்கியது. லூக்கா 14-ஆம் அதிகாரத்து விருந்து உவமையில், வழியில் நிற்பவர்களை வற்புறுத்தியேனும் அழைத்துவரச் சொல்லும் வீட்டுத்தலைவரின் கட்டளை அவருக்குத் துணையாயிற்று. அந்தச் சொல்லை அவர் தேடிப்பிடித்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் முடிவுக்கு முன்பே வந்துவிட்டார்.

அவருக்கு நாம் அநீதி செய்யலாகாது. 412-இல், கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைத் தோண்டி விரலை வெட்டியதாக ஒப்புக்கொண்ட தொனாத்தியர் சிலர் அதிகாரி மார்செல்லீனுசின் முன் நின்றபோது, அவர்களுக்கு மரணதண்டனையோ உறுப்புச் சிதைப்போ வேண்டாம் என மன்றாடியவர் அகுஸ்தீனார்தான். அவர் ஏற்றுக்கொண்டவை அபராதம், சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல் போன்றவை. மகனைத் திருத்தும் தந்தையும், நோயாளியைக் கட்டிவைத்து அறுவை செய்யும் மருத்துவனும் அவருக்கு உவமையாயினர்.

ஏறத்தாழ 416-இல் அவர் எழுதிய மற்றொரு கடிதம், தொனாத்துஸ் என்ற பெயருடைய தொனாத்தியக் குரு ஒருவருக்கு. கைது செய்து அழைத்துவரப்பட்ட அந்த மனிதர் தம்மைத் தரையில் வீழ்த்திக் காயப்படுத்திக்கொண்டார். அதற்கு முன்னொரு முறை கிணற்றில் குதித்திருந்தார். தூக்கி எடுத்துக் காப்பாற்றினார்கள். உம் உடல் அழிய உம்மை விட்டுவிடுவது அன்பாகாது எனில், உம் ஆன்மா அழிய விட்டுவிடுவது மட்டும் எப்படி அன்பாகும் என்பதே கடிதத்தின் சாரம். இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. நரகம் உண்டென்று மெய்யாகவே நம்புகிற எவரையும் இவ்வாதம் தொடும். அலட்சியத்தில் பிறக்கும் சகிப்புத்தன்மைக்கு இதை மறுக்கும் தகுதி கிடையாது.

ஆயினும் ஓரிடத்தில் உவமை முறிகிறது. கிணற்றில் கிடப்பவனை அவன் சம்மதமின்றித் தூக்கி எடுத்தாலும் அவன் உயிரோடு கரையேறுகிறான். தவறான நம்பிக்கையில் இருப்பவனைச் சம்மதமின்றி இழுத்தால் கரையேறுவது அவனுடைய உடல் மட்டுமே. மனமின்றி எவரும் விசுவசிக்க முடியாது என்று யோவான் நற்செய்தி விளக்கவுரையில் போதித்தவரும் இதே அகுஸ்தீனார்தான்.

அவர் இட்ட வேலி அவருக்குப் பின் நிற்கவில்லை. கள்ள நாணயம் செய்பவனுக்கே மரணம் உரியதெனில் விசுவாசத்தைக் கெடுப்பவனுக்கு எவ்வளவு அதிகம் உரியது என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். 1685-இல் பிரான்சின் பதினான்காம் லூயி, சீர்திருத்த சபையினருக்கு உரிமை தந்திருந்த நான்த் ஆணையை நீக்கினான். அதற்கு முன்பே அவர்கள் வீடுகளில் படைவீரர்களைக் குடியேற்றி மதம் மாற நெருக்கியிருந்தான். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினர். அந்த நெருக்கடிக்கு ஆதாரமாக அகுஸ்தீனாரின் கடிதங்கள் அதே ஆண்டில் பிரெஞ்சு மொழியில் அச்சேறின. ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த பியேர் பேல், அந்த உவமைச் சொல்லையே எடுத்துக்கொண்டு மறுப்பு நூலை 1686-இல் வெளியிட்டார். அவருடைய அண்ணன் சில மாதங்களுக்கு முன்புதான் போர்தோ சிறையில் இறந்திருந்தார். உண்மையை உடையவனுக்கு வற்புறுத்தும் உரிமை உண்டெனில், தன்னிடமே உண்மை இருப்பதாக நம்பும் ஒவ்வொருவனுக்கும் அவ்வுரிமை உண்டாகிவிடும் என்றார் பேல். சீர்திருத்தத் தரப்பினரும் இதைக் கேட்டு நாணவேண்டியவர்களே. 1553-இல் ஜெனீவாவில் செர்வேத்துஸ் எரிக்கப்பட்டதும், 1581-இல் இலண்டனில் எட்மண்ட் காம்பியன் தூக்கிலிடப்பட்டதும் அவர்கள் ஆட்சியில்தான்.

நம் அருகிலும் அதே காட்சி. 1560 முதல் கோவாவில் போர்த்துக்கீசியரின் விசாரணை மன்றம். 1658 முதல் யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரரின் தடை, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவது மரணத்துக்குரிய குற்றம். முன்னதன் ஆட்சிப்பகுதியில் பிறந்து, பின்னதற்குள் 1687-இல் மாறுவேடத்தில் நுழைந்தவர் புனித யோசேப் வாஸ். இறுதியில் அவருக்குப் பாதுகாப்பளித்தவர் பௌத்தரான கண்டி அரசர். இதைச் சொல்லும்போது நமக்குச் சற்றே கூச்சம் ஏற்படுவது நல்லது.

ஆனால் தகாஸ்தே பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அஞ்சி வந்தவர்களின் பிள்ளைகள் மெய்யான கத்தோலிக்கராய் வளர்ந்தார்கள் அல்லவா? எந்தக் குடும்பத்தின் விசுவாசத்தையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கலப்படமான தொடக்கம் தென்படும். நம் முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித்தான். சவேரியார் 1542-இல் வந்தபோது அவர்களுக்குச் செபங்கள்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாகி, புதிய ஆட்சியாளர்கள் தங்கள் சபைக்கு அவர்களை இழுத்தபோது, பாதுகாப்பை நாடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். அந்த விசுவாசம் அவர்களுடையதாகிவிட்டது என்பது வெளிப்பட்டதே வற்புறுத்தலுக்கு இணங்காத அந்த நேரத்தில்தான். தகாஸ்தேயின் பிள்ளைகளிடம் முளைத்ததும் அருளின் வேலையாகவே இருக்கட்டும். யோசேப்பை விற்ற சகோதரர்களின் தீமையிலிருந்து இறைவன் நன்மை விளைவித்தார்; அதனால் விற்றது சரியாகிவிடவில்லை.

1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2308 வாக்குகளுக்கு 70 என்ற நிலையில் சமயச் சுதந்திர அறிக்கையை ஏற்றது. சமயச் சுதந்திரம் மனித மாண்பில் வேரூன்றியது. உண்மையைத் தேடாதவனிடமும் அவ்வுரிமை நிலைத்திருக்கிறது என்று அது போதித்தது. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டியபோது, உண்மைக்குப் பணிபுரிகையில் செய்யப்பட்ட பாவங்களுக்கென்றே ஒரு மன்றாட்டு இருந்தது. பொய்க்குப் பணிபுரிகையில் என்று அதில் இல்லை.

அரசாணைகளும் படைவீரர்களும் இல்லாத நம் இல்லங்களில் இக்கேள்வி வேறு உருவில் உட்கார்ந்திருக்கிறது. வேற்றுச் சமயத்தவரை மணந்த மகளுக்கு வாசற்கதவை அடைத்த தந்தை, அவளுடைய ஆன்ம நலனுக்காகவே அப்படிச் செய்ததாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கருதவில்லை. அகுஸ்தீனாரும் பொய் சொல்லவில்லை.

திரியரில் பிரிசில்லியனுக்காகப் பேரரசன் மாக்சிமுஸிடம் மன்றாடியவர் தூர் நகர் ஆயர் புனித மார்ட்டின். ஆயர்களின் தீர்ப்பால் தப்பறையாளரைச் சபையிலிருந்து விலக்குவதே போதும், அரச மன்றம் இதில் தலையிடலாகாது என்பது அவர் நிலை. இரத்தம் சிந்தப்படாது என்ற வாக்குறுதியைப் பெற்று அவர் ஊர் திரும்பியபின் தண்டனை நிறைவேறியது. பின்னர் ஸ்பெயினில் எஞ்சியிருந்தவர்களை வேட்டையாட அதிகாரிகளை அனுப்ப மாக்சிமுஸ் முனைந்தபோது, அதைத் தடுக்க வேறு வழியின்றி, கொலைக்குக் காரணமான ஆயர்களோடு ஒருநாள் மட்டும் வழிபாட்டு உறவில் கலந்துகொள்ள மார்ட்டின் இசைந்தார். மறுநாளே புறப்பட்டார். வழியில் ஒரு காட்டில், உடன் வந்தவர்களைச் சற்று முன்னே போகவிட்டுத் தனியே அமர்ந்து, தாம் செய்ததைத் தமக்குள்ளேயே குற்றஞ்சாட்டியும் நியாயப்படுத்தியும் கொண்டிருந்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதிய சுல்பீசியுஸ் குறிப்பிடுகிறார். அதன்பின் இறக்கும்வரை அவர் எந்த ஆயர் மன்றத்துக்கும் செல்லவில்லை.