வாய்ப்பாடும் மரக்குதிரையும்



"எனக்குக் கணக்கு ஓடாது" என்று பிள்ளை சொன்னால், அது மூளையைப் பற்றிய செய்தி என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் அது பயத்தைப் பற்றிய செய்தி.

புனித அகுஸ்தீனார் கி.பி. 354ஆம் ஆண்டில், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தவர். ஆயரான பின் எழுதிய தமது வாழ்க்கை அறிக்கையிலே பள்ளி நாள்களை ஒளிக்காமல் நினைவுகூருகிறார். கூட்டல் வாய்ப்பாட்டை ஓதுவது அவருக்கு வேம்பு. திரோய் நகரத்து மரக்குதிரைக் கதையோ தேன். கதையில் தீதோ அரசி மாண்டதற்கு அழுதாராம். இலத்தீன் இனித்தது, கிரேக்கம் கசந்தது. இரண்டும் மொழிதானே! காரணத்தையும் அவரே காட்டுகிறார். இலத்தீன் செவிலித் தாய்மாரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் வந்தது. கிரேக்கம் மிரட்டலோடும் தண்டனையோடும் வந்தது. அடிபடாதிருக்க வேண்டுமென்று அந்தச் சிறுவன் இறைவனை மன்றாடினான். அவன் பட்ட அடிகளைக் கண்டு பெற்றோரும் சிரித்தார்கள். புனித மொனிக்கம்மாள் வீட்டிலேயே இப்படியென்றால், நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பிற்காலத்தில் கிரேக்க மறைநூல் விளக்கங்களை இலத்தீனிலே பெயர்த்துத் தரும்படி அவர் புனித ஜெரோமுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பாடமும் மனத்திடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது. கணக்கில் விடை சரி, அல்லது பிழை. படிப்படியாகச் சிந்திக்க அமைதி வேண்டும். அடி விழுமோ, ஏச்சு விழுமோ என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், தெரிந்த கணக்கும் பிழைத்துப் போகும். கட்டுரையிலே சுற்றி வளைத்தாவது கரையேறலாம். வரலாறு ஒரு போருக்குப் பல காரணங்களை ஒருங்கே நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. (நம் திருமறைப் பாடத்துக்கும் பரீட்சையில் புள்ளி உண்டு. அது பிள்ளையின் நெஞ்சில் எதை விதைக்கிறதென்று மறையாசிரியர்கள் யோசிப்பார்களாக.)

உயர்தரத்துக்குத் துறை தெரியும் நாள்களில், "கலைப்பிரிவோ?" என்று இழுத்துக் கேட்கிறோம். அந்த இழுவையைப் பிள்ளை மறப்பதில்லை. கணிதமும் உயிரியலும் படிக்காதவன் குறைந்தவன் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? கொப்பியைத் தூக்கி எறியுமுன், எந்த இடத்தில் விளங்காமற் போனது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அதற்காக, பிடிக்காத பாடத்தைப் பிள்ளை விட்டுவிடட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பாட்டை வெறுத்த அதே அகுஸ்தீனார், முப்பது வயதைத் தாண்டியபின், மனிதனின் சுதந்திர விருப்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏழும் மூன்றும் பத்து என்பதை எவராலும் மாற்றமுடியாது என்று அங்கே எடுத்துக்காட்டி, அந்த வழியே மாறாத இறைவனைத் தேடுகிறார். அந்நூல் ஓர் உரையாடல். எதிரே இருந்து கேள்வி கேட்டவர் அவரது ஊர் நண்பரான எவோதியுஸ்.