வெறுப்பு வாணிகம்

மக்களில் ஒரு பகுதியார்மீது மற்றொரு பகுதியார்க்குப் பகை மூட்டுகின்றவனுக்குத் தேர்தலில் வாக்குகள் குவியுமாயின், அத்தீவினை யாரைச் சாரும்? மூட்டியவனையா, வாக்களித்தோரையா? இவ்வினாவைத் தம்ம நெறி நின்று ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் ஜார்ஜ் வாலஸ் என்றொருவர் இருந்தார். நீதிபதியாக விளங்கிய காலத்தில் கறுப்பின வழக்கறிஞரை மரியாதையுடன் நடத்தியவர் அவர். அந்நாட்டில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுப்பர். 1958இல் அப்பதவியை நாடிய வாலஸ், நிற ஒதுக்கலைத் தம்மினும் கடுமையாகப் பேசியவரிடம் தோற்றார். அத்தோல்வியால் அவர் கற்றது யாதெனின், அச்சந்தையில் விலைபோகும் சரக்கு வெறுப்பே என்பதாம். 1962இல் அச்சரக்கையே விரித்தார், வென்றார். 1963 ஜனவரியில் பதவியேற்றபோது, நிற ஒதுக்கல் என்றென்றும் நிலைக்கும் என முழங்கினார். ஜூன் மாதத்தில் பல்கலைக்கழக வாயிலில் நின்று இரு கறுப்பின மாணவரை மறித்தார். செப்டம்பரில் அம்மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். குண்டு வைத்தோர் வேறு சிலரே. ஆயினும் வெறுப்புக்கு அரசே மரியாதை செய்த மண்ணில் அது நிகழ்ந்தது.

1968இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று, ஐந்து மாநிலங்களையும் ஏறக்குறைய 99 லட்சம் வாக்குகளையும் பெற்றார். வடபுலத்து ஆலைத் தொழிலாளரிலும் பலர் அவரை ஆதரித்தனர். ஆலையில் உழைத்த நமக்கு அவர்தம் உள்ளம் புரியாததன்று. வேலை போகுமோ என்னும் அச்சமும், கற்றோர் காட்டும் ஏளனமும் மெய்யான புண்களே. வாலஸ் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் அமைத்தார். பாடநூல்களை இலவசமாக வழங்கினார். இந்நன்மைகளோடு கலந்தே நஞ்சையும் ஊட்டினார். உனக்குக் கீழிருந்தவன் உன் இடத்தைப் பறிக்க வருகின்றான் என்பதே அந்நஞ்சு.

உபாசகர்க்கு விலக்கிய வாணிகங்களுள் நஞ்சு வாணிகத்தையும் பகவன் புத்தர் வைத்தார். விற்பவன் குற்றவாளியாயின், அறிந்து வாங்குவோன் குற்றமற்றவனாவனோ? எண்ணமே வினை என்பது தம்மம். வாக்கும் ஒரு வினையே. பிறன் தாழவேண்டும் என்னும் எண்ணத்தோடு இட்ட வாக்கின் பயன், இட்டவனையும் சாரும்.

சகோதரர்களே! வெறுக்கப்பட்ட நமக்கு இவ்வுரை எதற்கு என வினவுவீர். புண்பட்டவனைத்தான் நஞ்சு விற்போன் முதலில் தேடி வருவான். ஒடுக்கப்பட்டோருள்ளே வேறொரு சாதியைச் சுட்டி, உன் பங்கை உண்பவன் இவனே என்பான். நம் குறைகளை நமக்கே அழகுறச் சொல்வான். நாமும் மெய்ம்மறந்து கைதட்டுவோம். அரசியலில் தனிமனித பக்தி வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று, 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் எச்சரித்தது இதற்கன்றோ?

வாலஸ் 1972இல் சுடப்பட்டு, நடக்கவியலாதவரானார். பின்னாளில் கறுப்பின மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். 1982இல் மீண்டும் கவர்னராக நின்றபோது, அம்மக்களுள் பலர் அவருக்கே வாக்களித்தனர். பகையைப் பகையால் தீர்க்காத அவர்தம் பெருமை போற்றற்குரியது. எனினும், மாண்ட சிறுமியர் மீளவில்லை.

ஆதலின், மேடையில் ஒருவன் பேசக் கேட்குங்கால் அவன் உரையினின்று வெறுப்பை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது கூலியா, கல்வியா, நிலமா, நீதியா என்று எண்ணுங்கள். ஒன்றும் எஞ்சவில்லையேல், அவன் நம்மவனேயாயினும் அவனுக்கு வாக்களிக்க வேண்டா.