நாணயத்துக்கு ஞாபகம் இல்லை

பூவா தலையா என்று 20 முறை சுண்டினால் எப்படி விழும் என எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மாற்றி மாற்றியே எழுதுவார்கள். உண்மையான நாணயத்திலோ, ஒரே பக்கம் தொடர்ந்து 4 முறையாவது விழ நூற்றுக்கு 77 பங்கு வாய்ப்பு உண்டு.

மத்தூர் சாலையில் நின்று, பூ விழுந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓரடி, தலை விழுந்தால் ஊத்தங்கரைப் பக்கம் ஓரடி நடங்கள். 1905இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் பெயர் சூட்டிய ‘தற்போக்கு நடை’ இதுதான். 10,000 அடி நடந்த பின்பும், புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 100 அடிக்குள்தான் பெரும்பாலும் இருப்பீர்கள். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது: கடைசி 5,000 அடிகளில் புறப்பட்ட இடத்தை ஒருமுறைகூட மிதிக்காமலிருக்க ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு! நேர்மையான நாணயம்கூட பந்தயத்தில் ஒருவரை நெடுநேரம் தோற்கும் பக்கத்திலேயே நிறுத்திவைக்கும்.

“இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே தீரும்” என்ற நம்பிக்கைதான் லாட்டரிக் கடைகளில் கூலிக்காசைக் கரைத்தது. 1968இல் தமிழக அரசே தொடங்கிய லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2007இல் தடை செய்தது. இரண்டும் சரியான முடிவுகள் என்றே நினைக்கிறேன். ஆனால் நாணயத்துக்கு ஞாபகம் இல்லை என்ற கணக்கை எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் சுண்டிப் பார்த்துக் கற்கலாம். செலவு ஒரு ரூபாய். அதுவும் கையிலேயே இருக்கும்.