சும்மா நாலு இட்லி

நான் இஞ்சினியரிங் படித்த காலத்தில் செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா இட்லிக் கடை போட்டிருந்தார். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதும் ஆரம்பித்த கடை. "வியாபாரம் எப்படிக்கா போவுது?" என்று ஒருநாள் கேட்டேன். "வியாபாரமெல்லாம் என்னாப்பா, சும்மா நாலு இட்லி ஊத்துறேன்" என்றார்.

அந்த 'சும்மா' இன்னும் உறுத்துகிறது.

'குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர்' என்ற ஆய்வு 1999 முதல் பல நாடுகளில் தொழில்முனைவை அளக்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களிடம் நேராகக் கேட்கிறார்கள்: தொழில் தொடங்க ஏதாவது செய்கிறீர்களா? சொந்தமாக நடத்துகிறீர்களா? உங்களையும் சேர்த்து யாருக்காவது சம்பளமோ, கூலியோ, அதற்குப் பதில் பொருளோ மூன்று மாதத்துக்கு மேல் கிடைத்ததா? மூன்று மாதம் தாண்டாதது பிறந்துகொண்டிருக்கும் தொழில். அதன்பின் 42 மாதம் வரை புதிய தொழில். இரண்டையும் சேர்த்தால் ஆரம்பநிலைத் தொழில்முனைவு விகிதம். பதிவுச் சான்றிதழ் கேட்பதில்லை. நல்ல வரையறைதான். பதிவேட்டை மட்டும் எண்ணினால் அக்கா எங்குமே இருக்க மாட்டார்.

ஆனால் "சம்பளம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தால் அக்கா சிரித்திருப்பார். மிஞ்சிய இட்லிதான் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. கணக்குப்படி அதுவும் கூலி. அவர் அதைக் கூலி என்று நினைத்ததே இல்லை.

2011 டிசம்பர் 30, தானே புயலில் கீற்றுக் கொட்டகை பறந்தது. சில வாரம் கழித்து தார்ப்பாய் கட்டி மறுபடி அடுப்பு மூட்டினார். இது பழைய தொழிலா, புதுசா? 42 மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

ஏன் தொடங்கினீர்கள் என்றும் அந்த ஆய்வு கேட்கிறது. முன்பு 'வாய்ப்பு', 'கட்டாயம்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு பல காரணங்களுக்கு இடம்விட்டார்கள். அது தேவையான திருத்தம். நானும் கட்டாயத்தில்தான் ஐ.டி. வேலைக்குப் போனேன், யாரும் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதற்காகக் காரணத்தையே கேட்காமல் விட முடியுமா? வேலை கிடைக்காத ஊரிலும் இந்த விகிதம் ஏறும். காரணம் கேட்காமல் எண்ணினால் அக்காவின் நெருக்கடி நாட்டின் வளர்ச்சியாகிவிடும். எண்ணாமல் விட்டாலோ, விடியலுக்கு முன் எழுந்த அவர் உழைப்பு 'சும்மா' ஆகிவிடும்.

"வேற வேலை கிடைச்சா இத விட்டுடுவீங்களாக்கா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைக் கேட்காமலேயே அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.